அந்த முனையில் இருமல்

அந்த முனையில் குட்டை இருமினார். இந்த முனையில் நெட்டைக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது.

இருவருக்கும் நடுவே ஆளைவிட நீளமான முகம் பார்க்கும் கண்ணாடி. நின்ற இடம் ஒரு வீட்டு மாடிப்படியின் சரிபாதி. இருமல் குட்டையின் நெஞ்சில் கிளம்பி, தோளுக்கு ஏறி, கைக்கு இறங்கி, கண்ணாடி வழியாக நடந்து வந்து நெட்டையின் கடைவாய்ப் பல்லில் முடிந்தது.

"கீழ வெச்சிரலாமாடா?" என்றார் நெட்டை.

"வேணாம். போயிருச்சு."

"போயிருச்சுன்னா எதுக்கு மூச்சைப் பிடிச்சுட்டு நிக்கிற?"

"மறுபடி வர்றதுக்குள்ள மேல ஏறிடலாம்னுதான்."

கடைசிப் படியில் அது மறுபடி வந்தது. கண்ணாடி சுவரை இடிக்கவில்லை. சும்மா தொட்டது. கண்ணாடிக்கு அது போதும். மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை ஒரு கோடு, யாரோ பேனாவால் இழுத்தது போல ஓடியது. வீட்டுக்காரம்மா வந்து பார்த்தார். கண்ணாடிக்குள் அவருக்கு இரண்டு மூக்கு இருந்தது. நேரே கிடங்குக்குப் போன் போட்டார்.

நெட்டைக்கும் குட்டைக்கும் வேறு பெயர்கள் உண்டு. ஆனால் கண்ணாடிக் கிடங்கில் அதைக் கேட்டால் அவர்களே கொஞ்சம் யோசிப்பார்கள்.

உயரம் ஒத்துப்போகாத இருவரைக் கண்ணாடி தூக்க யாரும் ஜோடி சேர்ப்பதில்லை. இவர்களைச் சேர்த்துவைத்தது மாடிப்படிதான். குட்டை முன்னே ஏற, நெட்டை கீழே நின்று தாங்கினால், கண்ணாடி மேல் தண்ணீர் டம்ளர் வைத்தாலும் சிந்தாது. சமதரையில் நெட்டை முழங்காலை மடக்கி நடப்பார். பல வருஷம் அப்படி நடந்து நடந்து, இப்போது வெறுங்கையோடு போகும்போதும் அவருக்கு முழங்கால் மடங்கித்தான் இருக்கும்.

இந்தத் தொழிலில் முன்னால் போகிறவருக்குக் கண் வேண்டும். பின்னால் போகிறவருக்கு நம்பிக்கை வேண்டும். முன்னால் போகிறவர் எங்கே போகிறாரோ அங்கே போக வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது. கல்யாணத்தில்கூட இவ்வளவு கட்டுப்பாடு கிடையாது.

முதலாளிக்குக் கோபம் வந்தால் கத்தமாட்டார். குரலைத் தாழ்த்துவார். அன்று அவர் பேசியதைக் கேட்க இருவரும் மேசைமேல் குனிய வேண்டியிருந்தது.

"வர்ற வாரம் துணிக்கடை வாசல் கண்ணாடி போகுது. ஒரே பலகை. குறுக்குச் சந்து வழியாத்தான் போகணும். உங்க ரெண்டு பேரை விட்டா அதுக்கு ஆள் இல்ல. அதுக்குள்ள அந்த இருமல் நிக்கணும்."

"நின்னுரும் முதலாளி," என்றார் குட்டை. சொல்லி முடிப்பதற்குள் இருமினார்.

"நிக்கலேன்னா நீங்க துடைக்கிற மேசைக்குப் போயிருங்க. நெட்டைக்கு வேற ஆள் போட்டுக்கறேன்."

துடைக்கிற மேசை கிடங்கின் கடைசியில் இருந்தது. அங்கே உட்கார்ந்து கண்ணாடியில் பதிந்த கைரேகையை ஈரத்துணியால் துடைக்க வேண்டும். இப்போது அதில் இருந்தவருக்கு மயக்கம் என்று பெயர். அவரும் ஒரு காலத்தில் தூக்கியவர்தான். பிரஷர் மாத்திரை சாப்பிட்டு வந்த காலத்தில் ஒருநாள் கண்ணாடியோடு சேர்ந்து தரையில் விழுந்தார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கண்ணாடிக்குத்தான் ஆனது. அன்றிலிருந்து கிடங்கில் ஒரு சட்டம்: பிரஷர் என்று யார் வாயைத் திறந்தாலும் அவர் கையிலிருந்து கண்ணாடியை வாங்கித் துணியைக் கொடுத்துவிடுவார்கள்.

"வாங்க குட்டையாரே," என்றார் மயக்கம். "உங்களுக்கு மின்விசிறிக்குக் கீழ இடம் பிடிச்சு வெச்சிருக்கேன். துணிகூட நல்ல துணியா எடுத்து வெச்சிருக்கேன்."

"உன் துணியை எடுத்து உன் வாயைத் துடை," என்றார் நெட்டை.

வேறு ஆள் என்ற சொல்தான் நெட்டையைத் தைத்தது. வேறு ஒரு முதுகுக்குப் பின்னால் நடப்பதை நினைத்தாலே அவருக்குக் கால் இடறியது. அதோடு அவருக்கு இன்னொரு பயமும் உண்டு. சில மாதங்களுக்கு முன்னால் டாக்டரம்மா அவர் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கி, பிரஷர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். வாங்கிய மாத்திரை அட்டையை நெட்டை மனைவியின் கையில் வைத்து, "இதை முழுங்கினா துடைக்கிற மேசைதான். நீயே வெச்சுக்கோ," என்று சொல்லிவிட்டார். அவள் அழுதாள், சண்டை போட்டாள், பிறகு ஒருநாள் கேட்பதையே விட்டுவிட்டாள். குட்டையிடம் நெட்டை மறைத்த ஒரே விஷயம் இதுதான். மற்றதெல்லாம் ஒளிவுமறைவு இல்லாத சிநேகிதம். டீ உட்பட.

டீயின் கதை இது. நெட்டையின் மனைவி முன்பெல்லாம் நல்ல டீ போடுவாள். கொஞ்ச நாளாக அது ரோட்டுக்கு ஊற்றுகிற தார் போல வந்தது. குட்டையின் வீட்டிலிருந்து வரும் டீயோ, மூடியைத் திறந்தாலே அடுத்த தெருவிலிருந்து எறும்பு புறப்படும். இரண்டு பேருக்கும் வீட்டில் சொல்லத் தைரியம் இல்லை. மனைவி போட்ட டீயைக் குறை சொன்னவன் மறுநாளும் அதே வீட்டில்தானே சாப்பிட வேண்டும்! குட்டைக்குக் கசந்தால் பிடிக்கும். நெட்டைக்கு இனித்தால் பிடிக்கும். அதனால் வேலை நடுவில் மரப்பெட்டிமேல் உட்கார்ந்ததும் பிளாஸ்க்குகள் கைமாறும். மாலையில் அவரவர் காலி பிளாஸ்க்கோடு அவரவர் வீடு போய்ச் சேருவார்கள். மனைவிகளும் காலி பிளாஸ்க்கைப் பார்த்துச் சந்தோஷப்படுவார்கள்.

இருமலுக்கு வைத்தியம் பார்க்கிற பொறுப்பை நெட்டை எடுத்துக்கொண்டார்.

முதலில் மருந்துக்கடையில் ஒரு புட்டி வாங்கினார். கறுப்பு நிறம். ஒரு மூடி குடிக்க வேண்டும் என்றார்கள்.

"ரெண்டு மூடி குடி," என்றார் நெட்டை. "உன்னுது பெரிய இருமல்."

குட்டை குடித்தார். இருமல் கொஞ்சம் தணிந்தது போல இருந்தது. அன்று ஒரு குளியலறைக் கண்ணாடியை வண்டியிலிருந்து இறக்கி நாலு கடை தள்ளிக் கொண்டுபோக வேண்டும். குட்டை முன்னே நடந்தார். நெட்டை பின்னே நடந்தார். குட்டை இடப்பக்கம் திரும்பினார். நெட்டையும் திரும்பினார். ஒரு கதவு திறந்தது. உள்ளே சோப்பு வாசனை அடித்தது. யாரோ, "ஐயோ, கத்தி, கத்தி!" என்றார்கள்.

நெட்டை தலையைத் தூக்கிப் பார்த்தார். அது முடிதிருத்தும் கடை. நாற்காலியில் பாதி சவரத்தோடு ஒருவர் இருந்தார். அவருக்கு எதிரே திடீரென்று வந்து நின்ற இரண்டாவது கண்ணாடியில் தன்னைப் பார்த்து அவர் அலறினார். குட்டை அமைதியாக நின்றுகொண்டிருந்தார். நெட்டை எட்டிப் பார்த்தார். குட்டைக்குக் கண் மூடியிருந்தது. ஆள் நின்றபடியே குறட்டை விட்டார்.

"டேய்! தூங்கிட்டா நடந்தே?"

"கனவுல நல்ல வழியாத்தாண்டா போச்சு," என்றார் குட்டை.

புட்டி குப்பைக்குப் போனது. விட்ட இருமல் வட்டியோடு திரும்பியது.

"இது கண்ணாடித் தூசி," என்று முடிவு செய்தார் நெட்டை. குட்டைக்கு முகக்கவசம் வாங்கி மாட்டினார். குட்டை மூக்குக்கண்ணாடி போடுகிறவர். மூச்சு மேலே ஏறி மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்தது. முன்னால் போகிறவருக்குக் கண் வேண்டும் என்பது தொழிலின் முதல் சட்டம். அவர் கிடங்குத் தூணைப் பார்க்கவில்லை. தூணும் விலகவில்லை. கண்ணாடியை நெட்டை எப்படியோ காப்பாற்றிவிட்டார். குட்டையின் நெற்றியை யாரும் காப்பாற்றவில்லை.

"அந்த மின்விசிறி ரெண்டு வேகத்துல ஓடும்," என்றார் மயக்கம் தூரத்திலிருந்து.

அடுத்து இடம் மாறிப் பார்த்தார்கள். நெட்டை முன்னே, குட்டை பின்னே. குட்டை பின்னால் நின்று இருமினால் முன்னால் அவ்வளவாகத் தெரியாது என்று நெட்டையின் கணக்கு. "தூக்கு," என்றார்கள். தூக்கினார்கள். இத்தனை வருஷப் பழக்கத்தில் நெட்டை முன்னாலிருப்பவர் போவதற்காகக் காத்து நின்றார். குட்டை தன் பழக்கப்படி நடக்க ஆரம்பித்தார். கண்ணாடி நெட்டையின் முதுகைத் தள்ளியது. நெட்டை மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டார். கண்ணாடி வட்டம் போட ஆரம்பித்தது. கிடங்கின் நடுவில் இரண்டு சுற்று சுற்றிவிட்டு, மூச்சு வாங்கிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே வைத்தார்கள்.

முதலாளி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவே இல்லை. அவ்வளவு கோபம்.

"தொண்டை காஞ்சு கிடக்கு, அதான் உனக்கு," என்றார் நெட்டை அன்று மரப்பெட்டிமேல் உட்கார்ந்து. "சூடா ஏதாவது இறங்கினா சரியாப் போகும். பாதி டீயைக் குடிச்சுட்டு மீதியை வாசல்ல ஊத்துறியே, அதை நிறுத்து. முழுசாக் குடி."

"அடியில ஒரே வண்டலா இருக்குடா."

"வண்டல்லதான் சாரமே இருக்கு. பிளாஸ்க்கைக் குலுக்கிட்டுக் குடி."

குட்டை சிநேகிதனை நம்புகிறவர். குலுக்கிவிட்டுக் குடித்தார். ஒருநாள் விடாமல், கடைசிச் சொட்டுவரை குடித்தார். நெட்டையும் துணைக்குக் குட்டை வீட்டு டீயை ஒரு சொட்டு மீதி வைக்காமல் குடித்தார். இருமல் இரண்டு மடங்கானது. அதோடு புதிதாக ஒன்றும் சேர்ந்தது. பெட்டியைவிட்டு எழுந்த குட்டை அப்படியே நெட்டையின் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. கிடங்கு ஒரு சுத்து சுத்துச்சு. நின்னுருச்சு இப்போ."

இருவரும் ஒரே நேரத்தில் மயக்கத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். மயக்கம் பக்கத்து நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மாலையில் நெட்டை குட்டையைப் பிடித்து இழுக்காத குறையாகத் தான் வழக்கமாகப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கூட்டிப்போனார்.

"சளி வருதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்லம்மா."

"காய்ச்சல்?"

"இல்லம்மா."

"படுத்தா?"

"படுத்தா தொண்டையில எறும்பு ஊருது. எழுந்து உக்காந்தா அதுவும் எழுந்து உக்காருது."

நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். "நெஞ்சு கண்ணாடி மாதிரி இருக்கு," என்றார் டாக்டரம்மா.

"கண்ணாடின்னு சொல்லாதீங்கம்மா," என்றார் நெட்டை. "பயமா இருக்கு."

டாக்டரம்மா பேனாவை மூடினார். "என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"

"மாத்திரையா? தலைவலிக்குக்கூடச் சாப்பிட்டதில்ல."

"பிரஷர் மாத்திரை?"

"இல்லவே இல்ல," என்றார் குட்டை. கொஞ்சம் அவசரமாகவே சொன்னார்.

"ஏன் கேக்குறேன்னா, பிரஷர் மாத்திரையில ஒரு வகை இருக்கு. நல்ல மாத்திரைதான். ஆனா சிலருக்கு அது இந்த மாதிரி வறட்டு இருமலைக் கொண்டுவரும். சளி இருக்காது, காய்ச்சல் இருக்காது, என்ன மருந்து குடிச்சாலும் அடங்காது. மாத்திரையை மாத்தினா அதுவா அடங்கிடும். அளவு கூடினா எழுந்திருக்கும்போது தலை சுத்தும். உங்களுக்கு ரெண்டும் இருக்கு. மாத்திரைதான் இல்லைங்கிறீங்க."

"இல்லாததை எப்படிம்மா மாத்துறது?" என்றார் நெட்டை.

டாக்டரம்மா குட்டையின் கையில் பட்டையைக் கட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. பிறகு நெட்டையை ஒரு பார்வை பார்த்தார். "நீங்களும் கையை நீட்டுங்க."

நெட்டைக்கு வியர்த்தது. சிநேகிதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். பட்டை இறுகியது, தளர்ந்தது.

"அட, அருமையா இருக்கே!" என்றார் டாக்டரம்மா. "இப்படியே தொடருங்க."

எதைத் தொடரச் சொல்கிறார் என்று நெட்டை கேட்கவில்லை. ஒன்றும் சாப்பிடாமல் இருப்பதைத்தான் என்று எடுத்துக்கொண்டார். டாக்டரம்மா குட்டையிடம் திரும்பி, "ஒரு வாரம் பாருங்க. குறையலேன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தர்றேன்," என்றார்.

வெளியே வந்த குட்டை தெருமுனைவரை வேகமாக நடந்தார். அங்கே நின்று சொன்னார்.

"பெரிய ஆஸ்பத்திரின்னா அதுதாண்டா."

"எதுடா?"

"எங்கப்பாவுக்கு வந்தது. படத்துல தெரியாதாம் அது. வீட்ல சொல்லிடாதே. துணிக்கடைக் கண்ணாடியை மட்டும் உன்னோட தூக்கிட்டேன்னா போதும். அப்புறம் துடைக்கிற மேசையோ, எதுவோ."

"போடா லூசு," என்றார் நெட்டை. குரல் அவர் நினைத்த மாதிரி வரவில்லை.

வீட்டில் மனைவி பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நெட்டை சமையலறை வாசல்படியில் உட்கார்ந்தார். மனசு பாரமாக இருந்தால் அவர் வேடிக்கையாகப் பேசுவார்.

"கேட்டியா கூத்தை? அவனுக்கு வந்திருக்கிறது பிரஷர் மாத்திரை இருமலாம். மாத்திரையையே கண்ணால பாக்காதவனுக்கு!"

தேய்க்கிற சத்தம் நின்றது.

"பிரஷர் மாத்திரையா?"

"ஆமா. தலை சுத்தலும் அதுதானாம்."

"ஏங்க." அவள் திரும்பவில்லை. "நான் குடுத்துவிடுற டீயை யாரு குடிக்கிறா?"

"நான்தான். வேற யாரு?"

"என் முகத்தைப் பாத்துச் சொல்லுங்க."

"உன் முதுகுதானே தெரியுது."

அவள் திரும்பினாள். நெட்டைக்கு முதுகே தேவலை என்று தோன்றியது.

"அவன்தான்," என்றார்.

"எப்போல இருந்து?"

"நீ தார் காய்ச்ச ஆரம்பிச்சதுல இருந்து."

அவள் ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அந்த அண்ணனுக்கா போச்சு அத்தனையும்! கரண்டி முதுகால நுணுக்கி நுணுக்கிப் போட்டேனே! கசப்பு தெரியக்கூடாதுன்னு தூளை அள்ளி அள்ளிப் போட்டேனே!"

நெட்டைக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் எழுந்து நின்றார். "நீ என்னை ஏமாத்தினியா?"

"நீங்க ஏமாத்தலையா? தினமும் காலி பிளாஸ்க்கைக் கொண்டுவந்து நீட்டி, 'இன்னிக்கு டீ பிரமாதம்'னு சொன்னது யாரு?"

"அது ஒரு மரியாதைக்குச் சொன்னது."

"இதுவும் ஒரு மரியாதைக்குப் போட்டதுதான். தாலி கட்டினவர் நட்டநடுத் தெருவுல கண்ணாடியோட விழக் கூடாதேங்கிற மரியாதை!"

அதற்குமேல் நெட்டையால் கோபப்பட முடியவில்லை. வண்டல்லதான் சாரமே இருக்கு என்று தன் வாயால் சொன்னது நினைவுக்கு வந்தது. "சட்டையை எடு," என்றார். "அந்த அட்டையையும் எடு."

டாக்டரம்மா கதவைச் சாத்துகிற நேரத்தில் போய்ச் சேர்ந்தார்கள். முழுக் கதையையும் கேட்டு அவர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார்.

"ஏம்மா, மாத்திரையை நுணுக்கி ஒளிச்சுக் குடுத்தா அது யார் வயித்துக்குப் போகுதுன்னு உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? ஏங்க, உங்களுக்குச் சாப்பிடப் பயம்னா அதை என்கிட்டல்ல சொல்லணும்? பிரஷர் அடங்கி இருக்கிற ஆள் தாராளமாக் கண்ணாடி தூக்கலாம். அடங்காம இருந்தாத்தான் ஆபத்து. உங்க முதலாளிகிட்ட நானே பேசுறேன்."

"அவனுக்கு என்னம்மா பண்றது?"

"அவருக்கு அந்த டீயை நிறுத்துங்க. கொஞ்ச நாள்ல இருமல் போயிரும். நாளைக்கு ரெண்டு பேரும் வாங்க, பாக்குறேன்." அவர் நெட்டையின் கையை இழுத்துப் பட்டையைக் கட்டினார். பார்த்தார். மற்றக் கையில் கட்டினார். பட்டையை ஒரு தட்டுத் தட்டி மறுபடி பார்த்தார். "நீங்க ஒருநாள்கூடச் சாப்பிடலையா?"

"ஒரு சொட்டுகூட இல்லம்மா."

"நல்லா இருக்கே! அதெப்படி?"

"உடம்பு வாகு," என்றார் நெட்டை அடக்கமாக.

அங்கிருந்து நேராகக் குட்டையின் வீடு. கதவைத் திறந்தவள் குட்டையின் மனைவி. கட்டிலில் குட்டை தலையணையை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"வாங்க அண்ணே, வாங்க அக்கா. என்ன இந்த நேரத்துல?"

நெட்டை உட்காரவில்லை. நின்றபடியே, கண்ணாடி தூக்குகிற மாதிரி இரண்டு கையையும் முன்னால் நீட்டிக்கொண்டு சொன்னார்.

"டேய், உனக்கு ஒண்ணும் இல்லடா. அந்த இருமல் டீயில இருந்த பிரஷர் மாத்திரையால வந்தது."

குட்டையின் மனைவி வெளிறிப்போய்ச் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"எங்க வீட்டு டீயிலடா," என்று தொடர்ந்தார் நெட்டை. "இவ எனக்குன்னு கலந்துவிட்டிருக்கா. நான் அதை உனக்குக் குடுத்திருக்கேன். குலுக்கிக் குடிக்கவேற சொன்னேன்."

குட்டையின் மனைவி சுவரைவிட்டுக் கையை எடுத்தாள். ஏனோ ஒரு பெருமூச்சும் விட்டாள்.

குட்டை தலையணையை ஓரமாக வைத்தார். "நீயா எனக்கு நோயைக் குடுத்தே?"

"நோய் இல்லடா. மருந்துதான் குடுத்தேன்."

"அப்போ எங்கப்பாவுக்கு வந்தது எனக்கு வரலையா?"

"வரல."

"நான் சாகமாட்டேனா?"

"துணிக்கடைக் கண்ணாடியை நீ ஒழுங்காப் பிடிக்கலேன்னா அன்னிக்கு என் கையால சாவே."

குட்டை சிரித்தார். சிரிப்பில் இருமல் வந்தது. இருமலில் கண்ணீர் வந்தது. நெட்டை போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தட்டிக் கொடுத்தார். தட்டியது கொஞ்சம் பலமாகவே இருந்தது. இருவருக்கும் அது தேவைப்பட்டது.

"உனக்குப் பிரஷராடா?" என்றார் குட்டை மூக்கைத் துடைத்துக்கொண்டு. "என்கிட்டகூடச் சொல்லலையே?"

"சொன்னா நீ முன்னால பயந்து பயந்து நடப்பே. பிரஷரை மறைச்சுட்டுக் கண்ணாடி தூக்குறது எவ்வளவு பெரிய துரோகம் தெரியுமா? நாளைக்கே முதலாளிகிட்டப் போய்ச் சொல்லிடுறேன். துடைக்கிற மேசைன்னாலும் சரி."

குட்டை ஏனோ ஜன்னல் பக்கம் பார்த்தார்.

"அதெல்லாம் வேணாம்," என்றாள் நெட்டையின் மனைவி. "டாக்டரம்மா பேசுறேன்னு சொல்லிட்டாங்க. எனக்கு ஒண்ணுதான் மண்டையைக் குடையுது. ஒரு சொட்டு மாத்திரை டீகூட உள்ள போகாம, உங்களுக்கு எப்படிங்க பிரஷர் குறைஞ்சுது? டாக்டரம்மாவே முழிச்சாங்களே!"

"அதான் சொன்னேனே, உடம்பு வாகுன்னு," என்று நெட்டை நெஞ்சை நிமிர்த்தினார். "மாத்திரை, மருந்து எதுவும் இல்லாம, இதோ இந்தத் தங்கச்சி போட்ட டீயை மட்டும் குடிச்சே குறைச்சவன் நான்."

குட்டையின் மனைவி அடுக்களைப் பக்கம் நகரப்போனவள் நின்றாள். புருஷனைப் பார்த்தாள். நெட்டையைப் பார்த்தாள். முந்தானையைத் திருகிக்கொண்டே, சமைத்தவள் ருசி கேட்கிற குரலில் மெதுவாகக் கேட்டாள்:

"அண்ணே, இவரோட பிரஷர் மாத்திரை கசப்பு தெரியக் கூடாதுன்னுதான் அத்தனை சர்க்கரை போட்டேன்... குடிச்சீங்களே, தெரிஞ்சுதா?"